தக்கை

எங்கள் மொழியில்
பாட்டில் வாயை அடைப்பதற்கும்
பாதையை அடைப்பதற்கும் ஒரே சொல்: சத்சோபி.
தக்கை.
ஓட்டுநர்கள் அதை முதல் நாள் சிரித்தபடி சொல்வார்கள்,
மூன்றாம் நாள் துப்புவார்கள்.

குதாவுரிக்கு மேலே
பனி சரிகிற வளைவுக்கு முந்தின வளைவில்
என் தகரக் கொட்டகை.
ஓர் அடுப்பு, இரண்டு பெஞ்சு,
பீன்ஸ் அடைத்த ரொட்டி, தேநீர்.
பாதை திறந்திருக்கும் நாளில்
இங்கே எவனும் பிரேக் மிதிப்பதில்லை.
பாதிரியாரிடம் சொல்லாத வேண்டுதல் ஒன்று
அதனால் எனக்கு உண்டு:
மலையே, கொஞ்சம் சரிந்து கொடு.
அடியில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

மார்ச் நாலாம் தேதி ராத்திரி
சரிந்து கொடுத்தது.

விடிந்து பார்த்தால்
கீழே மூன்றாவது கொண்டை ஊசி வரை
லாரி, லாரி, லாரி.
எங்கள் காசுக்கும் லாரி என்றுதான் பெயர்.
வெளியே நிற்பதை எண்ணிவிட்டு
உள்ளே வரப்போவதை எண்ணினேன்.
தேநீர் ஒரு லாரி.
மூன்றாம் நாளிலிருந்து இரண்டு.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டுவிட்டு எங்கே போவார்கள்?

பெஞ்சில் நான்கு நாடு உட்கார்ந்திருந்தது.
துருக்கிக்காரர் நெஜ்தெத் சொன்னார்,
எங்கள் சொல் தொண்டையில் கவளம் அடைப்பதற்கும் பொருந்தும்.
கசாக்குக்காரன் எர்போலாத் சொன்னான், கெப்தெலிஸ்;
அவன் வாயில் அது
சேற்றிலிருந்து பூட்ஸைப் பிடுங்குகிற சத்தம்.
ரஷ்யனுக்கும் தக்கை. ஆர்மேனியனுக்கும் தக்கை.
இத்தனை தக்கை இருக்கிறதே, பாட்டில் எங்கே
என்று யாரோ கேட்க
எர்போலாத் எழுந்து போய் எடுத்து வந்தான்.

ஹ்ராச்சிக் மட்டும் குடிக்கவில்லை.
அவன் வண்டியில் ரோஜா.
மார்ச் எட்டுக்கு, பெண்கள் தினத்துக்கு,
மலைக்கு அந்தப் பக்கம் விற்க வேண்டிய
நாற்பதாயிரம் மொட்டு.
மணிக்கொரு தடவை போய்
வெப்பமானியைப் பார்த்துவிட்டு வருவான்.
பனி அள்ளுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவான்.
பிறகு ஃபோனில் முதலாளியிடம் வேறு குரலில்:
சின்னத் தடங்கல், ஐயா.
நெரிசல் என்றால் சம்பளத்தில் பிடிப்பாராம்.
தடங்கல் என்றால் பெருமூச்சோடு போய்விடும்.
அடைப்பு என்ற பேச்சே எடுக்கக் கூடாது;
முதலாளியின் இதயத்தில்
ஏற்கெனவே இரண்டு இருக்கிறது.

எட்டாம் தேதி காலை
கொட்டகைக் கதவு திறக்கவில்லை.
பனி என்று நினைத்து உதைத்தேன்.
பனி இல்லை, அட்டைப்பெட்டிகள்.
பதினேழு தேநீர், ஒன்பது ரொட்டி,
பாக்கி தீர்ந்தது என்றான்.
இதை வைத்து நான் என்ன செய்ய,
என்னிடம் ஒரு வாளிதான் இருக்கிறது, அதில் மாவு.
முந்நூறு வண்டிக்கு ஒரே ஒரு பெண் நீங்கள்,
நான் வேறு எங்கே போவேன் என்றான்.

தேநீர் ஒரு லாரிதான், தம்பி, இரண்டு இல்லை,
மீதியை வாங்கிக்கொள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
வரவில்லை.
அதற்கு நெஜ்தெத்தின் சொல்தான் சரி.

அப்போது மேலே முதல் ஹாரன்.
ஓடினார்கள், சிலர் கிளாஸோடு.
ஒரு மணி நேரத்தில் வளைவு காலி:
டீசல் வாடை, ஆரஞ்சுத் தோல்,
பனியில் மஞ்சள் மஞ்சளாக ஓட்டைகள்.

மாவைத் துணியில் கொட்டிவிட்டு
வாளியில் ரோஜாவை வைத்தேன்.
நாலு நாள் விறைத்துக் கிடந்தவை,
இனி விரியாது என்றுதான் நினைத்தேன்.
பத்தாம் தேதி, அடுப்புச் சூட்டில்,
கேட்காமல் கொள்ளாமல் விரிந்தன.
பார்க்க ஒரு வண்டி இல்லை.

இன்று மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது.
வழக்கமான வேண்டுதல்
நாக்கு நுனி வரை வந்து நிற்கிறது.
அதற்குப் பின்னால் இன்னொன்று.
அதற்கும் பின்னால் இன்னொன்று,
ஹாரன் அடிக்காமல்.